கைராசியை ராசி அடைய வேண்டியது

வண்ணாரப்பேட்டை எண்ணெய்க்கார முதலி தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த வைகுண்டமணி அண்ணாச்சி ஓர் ஆடி மாசக் காலையில் செத்துப்போனார், வலது கையைத் தவிர. தலை செத்தது, நெஞ்சு செத்தது, வெற்றிலைக் காவி ஏறின வாய் பாதி திறந்தபடி செத்தது, இடது கைகூட மரியாதையாகச் செத்து வயிற்றின்மேல் கிடந்தது. வலது கை மட்டும் பாயின் ஓரத்தைத் தடவித் தடவி, பொட்டலம் கட்டுகிற சணலைத் தேடிக்கொண்டே இருந்தது. குளிப்பாட்ட வந்த பங்காளிகளில் ஒருவர் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்து, "சூடு இருக்குதுடே" என்றார். பக்கத்தில் செம்பு பிடித்து நின்ற பெரியவர், "இருக்கத்தான செய்யும்? உயில்ல கைய மகளுக்குல்லா எழுதியிருக்கு. எழுத்த மீறி எப்படிச் சாகும்?" என்றார். எல்லாரும் ஆமாம், ஆமாம் என்று தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள், கை மட்டும் சோப்பைத் தானாக வாங்கித் தேய்த்துக்கொண்டது.

அந்தக் கைக்கு வடக்கே தண்டையார்பேட்டை வரைக்கும் பேர் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய காலத்திலிருந்தே அண்ணாச்சி கைராசிக்காரர். விடிந்ததும் விடியாததுமாகப் பூக்காரிகளும் மீன்கூடைக்காரிகளும் புது ஆட்டோ எடுத்தவர்களும் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கையால் ஒரு கட்டி கற்கண்டோ ஒரு பிடி கல்லுப்போ வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் போணி சுணங்காது, கூடை காலியாகித்தான் வீடு திரும்பும். பிள்ளை பிறந்த வீட்டில் சர்க்கரைத் தண்ணியை முதன்முதலாக நாக்கில் தொட்டு வைப்பார்களே, சேனை, அதற்கும் அண்ணாச்சியின் ஆள்காட்டி விரல்தான் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்த அந்தக் கை, பக்கத்திலேயே உட்கார்ந்து மிளகாயும் மல்லியும் நிறுத்துப் பொட்டலம் மடித்த சொந்த மகள் ராசகனிக்குக் கொடுத்ததெல்லாம் குட்டுதான். எடை கூடிப்போனால் ஒரு குட்டு, சணல் நீளமாகிப்போனால் ஒரு குட்டு. வீட்டில் அவளை ராசி என்று கூப்பிடுவார்கள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "கடையில ஆளில்ல, அடுத்த தையில பாப்போம்" என்பார் அண்ணாச்சி. தை வந்தது, தை போனது, அண்ணன் பொன்லிங்கத்துக்குக் கல்யாணமாகித் தம்பி சேர்மராஜுக்கும் கல்யாணமாகி, ராசிக்கு முன்நெற்றி நரைத்தது.

உயில் எழுதப் போன அன்றைக்கும் அவள்தான் துணைக்குப் போனாள், அப்பாவுக்கு மூச்சு வாங்கும் என்று. வக்கீல் அருணகிரி நல்ல மனுசர்தான், ஒரே நேரத்தில் நாலு பேரோடு பேசுகிறவர்.

"கட்டடம் யாருக்கு அண்ணாச்சி?"

"மூத்தவனுக்கு."

"சரக்கு, தராசு, மாவு மிசினு?"

"இளையவனுக்கு."

"மகளுக்கு?"

அண்ணாச்சி தலையைத் திருப்பி, இடம் மாற்றி இறக்கிவிட்ட மூட்டையைப் பார்ப்பதுபோல ராசியைப் பார்த்தார். "அவளுக்கு என்னத்துக்கு சார்? ஒத்தக்கட்டை. கூடப்பொறந்தவனுவ கஞ்சி ஊத்த மாட்டானுவளா?"

"அப்படிச் சொல்லாதீங்க. பேரே வராத வாரிசு நாளைக்கு வந்து கேஸ் போட்டா உயிலே ஆட்டம் கண்டுரும். ஏதாவது ஒண்ணு எழுதணும். கடைன்னா சுவரும் மூட்டையும் மட்டுமா? உங்கள நம்பி ஜனம் வருதே, அதுக்கும் சட்டத்துல மதிப்பு உண்டு. குட்வில்னு பேரு."

"குட்டுவில்லா?"

"குட்வில்."

"நல்ல உயிலுங்கியளா? அப்ப இம்புட்டு நேரம் எழுதுனது கெட்ட உயிலா?"

வக்கீல் சிரித்துவிட்டார். "இல்ல அண்ணாச்சி. உங்க கையால வாங்கணும்னு தேடி வர்றாங்க பாருங்க, அது."

"அட, கைராசி! அத இங்கிலீசுல இப்படியா சொல்லுவாவ?" அண்ணாச்சி வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசா, பணமா. அத இவளுக்கு எழுதிப் போடுங்க."

சும்மா கிடக்கிற காலி டப்பாவை எடுத்துக்கோ என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ராசிக்கு அது போதுமாக இருந்தது. தன் பேரை ஒரு சொத்தோடு சேர்த்து அப்பா வாயால் சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. தங்கத்தை விழுங்கினவள்போல அவள் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரி அடித்தாள். 'எனது கைராசியை ராசி அடைய வேண்டியது' என்று வந்த இடத்தில், ராசியை ராசி என்று இருக்கிறதே, கை தவறி இரண்டு தரம் அடித்துவிட்டோம்போல என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டாள். 'எனது கையை ராசி அடைய வேண்டியது' என்று ஆனது. வக்கீல் யாரிடமோ போனில் வாய்தா பேசிக்கொண்டே மேலோட்டமாகப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். எதை எழுதிக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் அந்தக் கையே அந்தக் கையை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது.

ஆக, சுடுகாட்டில் வறட்டி அடுக்குகிற நேரத்தில், பழுத்த வெள்ளரி காம்பை விட்டுக் கழன்றதுபோல வலது கை மணிக்கட்டோடு கழன்று, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், பங்காளிப் பெரியவரின் துண்டில் விழுந்தது. அவர் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ராசியின் மடியில் வைத்து, "இந்தாட்டி, ஒன் பங்கு" என்றார். துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்து அவள் மடியைத் தடவிப் பார்த்தது, அது யார் மடி என்று அதற்குத் தெரிந்ததோ இல்லையோ, அங்கேயே மடங்கிப் படுத்துக்கொண்டது. ராசி அப்போதுதான் அழுதாள்.

கருமாதி முடிந்த மறுநாள் பொன்லிங்கம் பந்தல்காரனுக்குக் கணக்குத் தீர்த்த கையோடு தங்கச்சிக்கும் கணக்குத் தீர்த்தான்.

"ராசி, கட்டடம் எனக்கு, சரக்கு தம்பிக்கு. ஒன் பங்க நீ எடுத்துக்கிட்டேன்னா நாங்க எங்க சோலியப் பாப்போம்."

"நான் எங்கண்ணே இருக்க?"

"கை இருக்குல்லா. கையிருந்தா பொழச்சிக்கிடலாம்னு அப்பாதான சொல்லுவாவ?"

தம்பி சேர்மராஜ் மாவு மிசினுக்குப் பின்னால் நின்று சிரித்தான். ராசி இரண்டு சேலையையும் கையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கடைக்கு எதிரே வளையல் விற்கிற சாரதாதான், "வாக்கா, ஓட்டுச் சாய்ப்பு சும்மாத்தான் கீது, வந்து இரு" என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். சாரதாவின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேனை வைத்தது அந்தக் கை.

ராசி ஒரு பழைய தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்தாள். கற்கண்டு, கல்லுப்பு, மஞ்சள், கற்பூரம், அவ்வளவுதான் சரக்கு. நடுவில் ஒரு சிவப்புத் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கையை வைத்தாள். முதல் நாள் விடியலில் வந்த பூக்காரி, அண்ணாச்சி உயிரோடு இருந்தபோது நீட்டினதுபோலவே மடியை விரித்து நீட்டினாள். கை எழுந்து, விரலால் நடந்து, கற்கண்டில் நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்து மடியில் போட்டது. அன்றைக்கு அவள் பூ முழுக்கப் பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. அப்புறம் கேட்க வேண்டுமா? மறுநாள் வண்டியைச் சுற்றி வழி விடவில்லை ஜனம்.

தெரு அந்தக் கையைத் தெருவில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டது. புதனும் சனியும் அதற்கு எண்ணெய் முழுக்கு என்று ராசி வண்டியில் அட்டை எழுதித் தொங்கவிட்டாள், அந்த இரண்டு நாளும் ஜனம் கொஞ்சம் தாமதமாக வந்தது. நாவிதர் மாசத்துக்கு ஒரு தரம் வந்து நகம் வெட்டி, "பேச்சுத் தொந்தரவு இல்லாத நல்ல வாடிக்கை" என்று சொல்லிப் போனார். தீட்டு என்று முதலில் விரட்டின கோயில் பூசாரி, கூழ் ஊற்றுகிற திருவிழாவில் வசூல் குறைந்ததும் தானே வந்து, உண்டியலில் முதல் காசைக் கை போட வேண்டும் என்று தாம்பாளத்தில் வைத்து அழைத்துப் போனார். தெரு டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "என்னைவிட நல்லாயிருக்கு" என்றார். செத்துப்போன ஆம்பளையின் கை பெண்களைத் தொடலாமா என்று குழாயடியில் ஒரு தகராறு வந்து, "இன்னாக்கா பேசுற, கண்ணு இல்லாத ஆம்பள கொயந்த மாதிரி" என்று சாரதா சொன்னதோடு அது தீர்ந்தது. தேர்தல் வந்தபோது, பட்டியலில் பேர் இன்னும் இருக்கிறது, விரலும் இருக்கிறது, ஓட்டுப் போட்டால் என்ன என்று கட்சிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மை வைக்கிறது இடது கை விரலில், இது வலது கை என்று சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதில் அந்தத் தெருவுக்கு ஒரு வருத்தம் உண்டு.

மத்தியான நேரம், வெயிலில் ஜனம் ஒழிந்த பிறகு, ராசி சாய்ப்பில் படுப்பாள். கையை மார்போடு சேர்த்துப் போட்டுக்கொள்வாள். தூக்கத்தில் அது அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அவளுக்குத் தோன்றும்: செத்தபிறகாவது அப்பாவுக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது, அந்தத் தட்டச்சுக்காரி செய்தது பிழையில்லை, சாமி செய்தது. காலையில் எடை கூடிப்போனால் கை இன்னமும் எட்டி அவளைக் குட்டத்தான் செய்தது. அதையும் அவள் அவர் பிரியத்தில்தான் சேர்த்துக்கொண்டாள்.

எதிரே அண்ணன் தம்பி கடையில் ஈ ஓட்டினார்கள். கட்டடம் இருந்தது, மூட்டை இருந்தது, விளக்குப் போட்டுப் பேர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். ஜனம் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த வண்டிக்கு வந்தது. உளுந்தில் வண்டு விழுந்தது, புளி காய்ந்து கட்டையானது. கடைசியில் செல்போன் கடைக்காரர் ஒருவர் கட்டடத்தை நல்ல விலைக்குக் கேட்டார். விற்றுவிடலாம் என்று பார்த்தால் பட்டணத்து வழக்கம் குறுக்கே நின்றது. இங்கே உயில்மேல் சொத்து கைமாற வேண்டுமானால் உயில் செல்லும் என்று கோர்ட்டு முத்திரை வேண்டும், புரொபேட் என்பார்கள். அந்த முத்திரைக்கு அப்பா செத்துப்போனார் என்று சான்றிதழ் வேண்டும். பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா தலையைச் சொறிந்தார்.

"சார், காலையில என் பேத்திக்கு அந்தக் கைதான் சேனை வச்சுது. மத்தியானம் அந்த ஆள் செத்துட்டாருன்னு நான் எப்படி சார் எழுதுவேன்? நாளைக்கு என் வேலைக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

இருவரும் வேறு ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் நெடுநேரம் யோசித்து, "இதுல என்ன கஷ்டம்? உசுரோட இருக்கிறவன் எத்தனை உயில் வேணும்னாலும் எழுதலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும். அப்பா கையில உசுரு இருக்குல்ல? கையால புதுசா ஒண்ணு எழுதி வாங்குங்க. எல்லாம் மகன்களுக்குன்னு. அதுல கைராசின்னு ஒழுங்கா எழுதிடுவோம், கைன்னு தனியா எங்கேயும் வராது. பழைய உயில் தள்ளுபடி ஆயிட்டா, கை உசுரோட இருக்க எழுத்தே கிடையாது. அதுவா ஆறிடும். சான்றிதழும் வந்துடும், கட்டடமும் வந்துடும்" என்றார்.

அதற்குப் பிறகு பொன்லிங்கம் தினம் தெருவைக் கடந்து வண்டிக்கு வந்தான். அப்பாவுக்குப் பிடித்த மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து துண்டுக்குப் பக்கத்தில் வைப்பான். கைக்கு மூக்கு கிடையாது. இருந்தாலும் பொடியை நாசூக்காகக் கிள்ளி, காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பொன்லிங்கம் குனிந்தால் அவன் கன்னத்தைத் தடவும், தாடையைப் பிடித்து ஆட்டும், சேர்மராஜ் வந்தால் அவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்யும். ராசி வேறு பக்கம் பார்த்து மஞ்சளை அடுக்குவாள்.

ஒருநாள் பொன்லிங்கம் பேச்சைப் போட்டு உடைத்தான். "சார்பதிவாளர் ஆபீசுக்கு அப்பாவக் கூட்டிட்டு வா, ராசி. அவுக மனசுல என்ன இருக்குன்னு கேட்டுருவோம். நீயே கொண்டாந்தா ஒனக்கும் சந்தேகம் இல்ல, எங்களுக்கும் இல்ல."

"கேளு. எத்தன தடவ வேணும்னாலும் கேளு" என்றாள் ராசி. அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தெரு அவள் பக்கம் நின்றிருக்கும், குறைந்தது அன்றைக்கு மட்டுமாவது. ஆனால் அவளுக்கும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. தூக்கத்தில் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிற கை விழித்திருக்கும்போது யாரைப் பிடிக்கும் என்று ஊர் பார்க்கட்டும் என்று இருந்தது. அன்று காலை கைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, நகத்திடுக்கில் இருந்த மஞ்சளை எடுத்து, புதுத் துண்டில் சுற்றி, கல்யாணத்துக்குக் கூட்டிப் போவதுபோல ரிக்சாவில் மடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பதிவாளர் மேசையில் துண்டை விரித்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு நின்றவர்களை ராசி அப்போதுதான் பார்த்தாள். ஒருவர் கோயில் பூசாரி. இன்னொருத்தி சாரதா.

"சாரதா, நீயுமா?"

"இன்னாக்கா பண்றது? பில்டிங்கு கைமாறினா முன்னாடி பக்கம் வளையல் பங்க் வச்சிக்க எடம் தர்றேன்னாங்க." சாரதா கண்ணைத் தாழ்த்தவில்லை. "உனுக்காவது கை கீது. எனுக்கு யாரு கீறா?"

பதிவாளர் புது உயிலை முழுக்க வாசித்தார். கட்டடமும் சரக்கும் கைராசியும் மகன்கள் இருவரே அடைய வேண்டியது, இதற்கு முன் எழுதிய உயில் ரத்து. வாசித்து முடித்துக் குனிந்து, வழக்கமாக எல்லாரையும் கேட்பதுபோல, "சுய விருப்பத்தோடதான் எழுதிக் கொடுக்கிறீங்களா?" என்றார்.

"அப்பா, முடிவு ஒங்க கையில" என்றான் பொன்லிங்கம்.

கை சற்று நேரம் துண்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. ராசி பக்கத்தில்தான் நின்றாள், எட்டினால் தொடுகிற தூரம். கை எழுந்தது. பெருவிரலை நிமிர்த்திக் காட்டியது. மூத்தவன் நீட்டின பேனாவை வாங்கி, தன்னைத் தானே சாகச் சொல்லி எழுதியிருந்த அந்தத் தாளில், ஒவ்வொரு பக்கத்திலும், கடைசிக் கொம்பைச் சுழித்து ஒரு புள்ளி வைக்கிற பழைய கையெழுத்தை நடுங்காமல் போட்டது. மகளிடம் உயிரோடு இருப்பதைவிட மகன்களுக்காகச் சாவது அதற்கு லேசாக இருந்தது. போட்டு முடித்துப் பொன்லிங்கத்தின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டியது. பூசாரி, "பெத்த பாசம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எல்லாரும் அவரவர் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். கையைத் திரும்பக் கொண்டுபோக யாரும் இல்லை. ராசி துண்டோடு சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

புது உயிலுக்குக் கோர்ட்டு முத்திரை விழுகிறவரைக்கும் பழைய எழுத்துதான் நிற்கும் என்பதால், மறுநாள் காலையில் கை எப்போதும்போல எழுந்து பூக்காரியின் மடியில் கற்கண்டைப் போட்டது. எடை கூடியதென்று ராசியைக் குட்டியது. மத்தியானம் சாய்ப்பில், ஒன்றுமே நடக்காததுபோல, அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ராசி விரலை உருவவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு, கண் மூடாமல் கிடந்தாள். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது: வெறுத்திருந்தால்கூட ஒரு கணக்கு, அவருக்கு இவள் பேரில் வெறுப்பும் கிடையாது, தலைமாட்டில் கிடக்கிற தலையணைபோல இவளும் ஒரு வசதி.

அண்ணனும் தம்பியும் புது உயிலைக் கோர்ட்டில் போட்டது தெரிந்து வக்கீல் அருணகிரி ஓடி வந்தார். தன் அலுவலகத்தில் விழுந்த பிழையால் வந்த வினை என்று அவருக்கு உறுத்தல்.

"ராசி, பயப்படாதே. கேஸ் நம்ம பக்கம்தான். உயில் எழுதுறவருக்குப் புத்தி தெளிவா இருக்கணும், அதுதான் சட்டம். எங்கேயாவது கைக்கு மூளை இருக்கா? ஆசைப்பட்ட பக்கம் அசையுது, பொடி டப்பா கொடுத்தவன் பக்கம் சாயுது, அவ்வளவுதான். நீதான் ராப்பகலா அதோட இருக்கிறவ. நீ கூண்டுல ஏறி, 'அதுக்கு ஒண்ணும் தெரியாது, நினைவு கிடையாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புது உயில் விழுந்துடும். பழைய எழுத்து நிக்கும். உன் ஆயுசுக்கும் கை உன்கூடத்தான், வண்டியும் உன்கூடத்தான்."

"ஒண்ணும் தெரியாதுன்னா?"

"அறியாம செஞ்சாருன்னு அர்த்தம். யாருக்கும் பழி இல்ல."

"ஓ" என்றாள் ராசி.

கோர்ட்டில் அன்று தெருவே வந்திருந்தது. ராசி ஜெயித்தால் கை தெருவிலேயே இருக்கும், தோற்றால் வாசலில் செல்போன் கடை வரும். இரண்டில் எது நல்லது என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்து, கடைசியில் எது நடந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும் என்று முடிவு செய்து உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதிக்கு முன்னால் மேசையில் கை, சிவப்புத் துண்டில், சணல் நுனி ஒன்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தார்கள். ராசி கூண்டில் ஏறினாள்.

அருணகிரி அவளைத் தடவிக் கொடுப்பதுபோலக் கேட்டார். "அம்மா, இந்தக் கையை இத்தனை காலமும் பராமரிச்சது யாரு?"

"நான்தான்."

"அதோட போக்கு முழுக்கத் தெரிஞ்சவங்க உங்களைத் தவிர வேற யாராவது உண்டா?"

"இல்ல."

"புது உயில்ல கையெழுத்துப் போட்டப்போ, இந்தக் கைக்குச் சுய நினைவு இருந்துச்சா?"

ராசி கையைப் பார்த்தாள். சணல் முடிச்சு நின்றிருந்தது. விரல்கள் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தன, கேட்டுக்கொண்டிருப்பதுபோல. எண்ணெய் தேய்த்து எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று இருந்தது கை. இல்லை என்று ஒரு சொல். சொன்னால் நாளைக் காலை பூக்காரி வருவாள், மத்தியானம் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும், சாகிறவரைக்கும் சோறு உண்டு, அறியாமல் செய்த அப்பா ஒருவரும் உண்டு.

"அம்மா, கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"இருந்திச்சு" என்றாள் ராசி. "நல்லாவே நினைவு இருந்திச்சு."

அருணகிரி பதறிப்போனார். "கேள்வி புரியலைன்னு நினைக்கிறேன். அம்மா, கைக்கு மூளை..."

"எனக்குப் புரிஞ்சிதான் இருக்கு சார். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லணும்னுதான் வந்தேன், வாய் வரல." அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள். "அய்யா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னப்ப அவருக்கு நினைவு இருந்திச்சி. எனக்கு என்னத்துக்குச் சொத்துன்னு கேட்டப்பவும் இருந்திச்சி. அன்னிக்குக் கையெழுத்துப் போட்டப்ப மட்டும் எப்படி இல்லாமப் போவும்? எல்லாம் அறிஞ்சிதான் செஞ்சாரு. அறியாம செஞ்சாருன்னு நான் சொன்னேன்னா, அவர நான் மன்னிச்ச மாதிரி ஆயிரும். அது என்னால முடியாது."

பின்வரிசையில் யாரோ, "பொழைக்கத் தெரியாத பொம்பள" என்றார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மகளே சாட்சி சொல்லிவிட்ட பிறகு அவர் யோசிக்க ஒன்றும் இல்லை. கடைசியாக எழுதியதே செல்லும், முந்தைய உயில் ரத்து என்று வாசித்தார்.

வாசிக்கத் தொடங்கும்போதே கை துண்டைவிட்டு இறங்கிவிட்டது. மேசைமேல் விரல் விரலாக நடந்து வந்தது, அண்ணன் தம்பி உட்கார்ந்திருந்த பக்கம் போகவில்லை, கூண்டுப் பக்கம் வந்தது. மேசையின் விளிம்பில் வந்து நின்று, ராசியை நோக்கி நீண்டது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. அது கேட்டதா, கொடுக்க வந்ததா, இல்லை வழக்கமாகத் தூங்குகிற இடத்தைத் தேடி வந்ததா, யார் கண்டார்கள். எட்டினால் தொடுகிற தூரம்தான். ராசி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டு நின்றாள். ரத்து என்கிற சொல் முடிந்தது. நீட்டின கை நீட்டினபடியே ஆறிப்போனது.

பொன்லிங்கமும் சேர்மராஜும் எழுந்து தங்கள் வக்கீலின் கையைக் குலுக்கினார்கள். சான்றிதழுக்கு இன்றைக்கே எழுதிப் போட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவும் போனது, சாரதா பங்க் வைக்கிற இடத்தை இப்போதே காட்டிவிடச் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த வழக்கைக் கூப்பிட வேண்டும், மேசையைக் காலி செய்ய வேண்டும். டவாலி போட்ட சேவகர் துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"அம்மா, இது யாருது? எடுத்துக்கினு போங்க. இங்கெல்லாம் வைக்கக் கூடாது."

ராசி கூண்டிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"அவருக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைய இருக்காவ. ஓடிப் போயிக் கூப்பிடுங்க, இன்னும் வாசல் தாண்டியிருக்க மாட்டாவ" என்றாள்.